46 மணி நேர ஓட்டம், 20 மணி நேர பேட்டரி: அல்ட்ரா மாரத்தானில் ஜிபிஎஸ் வாட்ச் ஏன் கைவிடுகிறது?

2025 ஜனவரி 28 அன்று பல நாடுகளில் கார்மின் வாட்ச் கட்டியவர்கள் ஓடக் கிளம்பி, ஜிபிஎஸ் பயிற்சியைத் தொடங்கும் பொத்தானை அழுத்தினார்கள். திரையில் ஒரு நீல முக்கோணம் வந்து அப்படியே நின்றது. அணைத்துப் போட்டாலும் மறுபடி அதே முக்கோணம். பேட்டரியில் குறையில்லை, வாட்சும் உடையவில்லை. செயற்கைக்கோள்கள் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் சிறு கோப்பு ஒன்று பழுதாகி, சிங்க் (வாட்ச் போனோடு இணைந்து தகவல் பரிமாறிக்கொள்வது) வழியாக வாட்சுகளுக்குள் இறங்கியிருந்தது.

அப்போது பலரும் கேட்ட கேள்வி நியாயமானது. ஜிபிஎஸ் வானத்திலிருந்து நேராக வருகிறது என்கிறார்களே, அதற்கு எதற்கு சர்வரிலிருந்து கோப்பு? மாரத்தானைவிட நீண்ட அல்ட்ரா மாரத்தான் ஓடுபவர்களிடம் இதோடு இன்னும் சில கேள்விகள் உண்டு. 40 மணி நேரம் வரும் என்று வாங்கிய வாட்ச் 18 மணி நேரத்தில் அணைந்தது ஏன்? வீட்டார் பார்த்துக்கொண்டிருந்த புள்ளி மலைமேல் அசையாமல் நின்றது ஏன்? ஓடி முடித்தபின் பதிவு போனுக்கு வரமறுப்பது ஏன்?

இவை தனித்தனிக் கோளாறுகள். எல்லாவற்றையும் "வாட்ச் சரியில்லை" என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதால்தான், செய்ய வேண்டியதை விட்டுவிட்டு செய்யக்கூடாததைச் செய்து பதிவையே இழக்கிறோம்.

வாட்ச் செய்யும் மூன்று வேலைகள்

1. பெறுதல்: செயற்கைக்கோள் சிக்னலை வாங்கி, நாம் நிற்கும் இடத்தைக் கணக்கிடுவது.
2. பதிதல்: அந்த இடம், நேரம், இதயத் துடிப்பு எல்லாவற்றையும் வாட்சின் நினைவகத்தில் எழுதிக்கொண்டே போவது.
3. அனுப்புதல்: எழுதியதை ப்ளூடூத் மூலம் போனுக்கும், போனிலிருந்து இணையம் வழியே நிறுவனத்தின் சர்வருக்கும், அங்கிருந்து ஓட்டப் பதிவுகளைப் பகிரும் ஸ்ட்ராவா போன்ற தளங்களுக்கும் கடத்துவது.

முதல் இரண்டுக்கும் ஓட்டத்தின்போது போனும் வேண்டாம், இணையமும் வேண்டாம். மூன்றாவது நின்றுபோனாலும் முதலிரண்டும் தொடரும். 2020 ஜூலை 23 அன்று கார்மின் நிறுவனம் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் இணையச் சேவை சில நாள்கள் முடங்கியது நினைவிருக்கலாம். அந்த நாள்களிலும் வாட்சுகள் வழக்கம்போல் பதிந்துகொண்டுதான் இருந்தன. விவரம் தெரிந்தவர்கள் யுஎஸ்பி கேபிளில் வாட்சைக் கணினியோடு இணைத்து, கோப்பை எடுத்து நேராக ஸ்ட்ராவாவில் ஏற்றினார்கள்.

வானத்திலிருந்து என்னதான் வருகிறது?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து கிளம்பும் சிக்னல் நம் மணிக்கட்டுக்கு வரும்போது, ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ந்திருக்கும். அதைப் பிடித்து, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களிலிருந்து வந்து சேர எடுத்த நேரத்தை ஒப்பிட்டுத்தான் வாட்ச் இடத்தைக் கண்டுபிடிக்கிறது.

இதற்கு ஒவ்வொரு செயற்கைக்கோளும் அந்த நொடியில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். அந்தத் தகவலையும் செயற்கைக்கோளே ஒலிபரப்புகிறது, ஆனால் மிக மெதுவாக: வினாடிக்கு 50 பிட். தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 வினாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. நடுவில் ஒரு கட்டடமோ மரமோ மறைத்தால் விட்ட இடத்துக்காகக் காத்திருந்து மறுபடி கேட்க வேண்டும். கேட்டு வாங்கிய விவரமும் சுமார் நான்கு மணி நேரத்துக்குத்தான் செல்லும்.

இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கத்தான் முன்கணிப்புக் கோப்பு. அடுத்த சில நாள்களுக்கான சுற்றுப்பாதைகளை முன்பே கணக்கிட்டு, சிங்க் செய்யும்போது வாட்சுக்குள் போட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இன்றைய வாட்ச் வெளியே வந்த சில வினாடிகளில் தயாராகிறது. கோப்பு பழையதாக இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. முதல் முறை இடம் பிடிக்க ஓரிரு நிமிடம் கூடும், அவ்வளவுதான். கோப்பு தவறாக இருந்தால்தான் வம்பு. 2021 ஜனவரித் தொடக்கத்தில் கார்மின், சுன்டோ வாட்சுகள் சிலவற்றில் ஓடிய பாதை பக்கவாட்டில் தள்ளிப் பதிவானதற்கும் இத்தகைய கோப்புதான் காரணம். 2025இல் நடந்தது அதைவிட மோசம்: கோப்பைப் படிக்க முயன்ற வாட்ச் தடுமாறி, அணைந்து அணைந்து எழுந்தது.

அல்ட்ரா ஓடுபவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. போட்டிக்கு இரண்டு நாள் முன்பு சிங்க் செய்யுங்கள். செய்தபின் வெளியே போய் ஐந்து நிமிடம் ஓடிப் பார்த்து, பதிவைச் சேமித்தும் பாருங்கள். அதன்பின் போட்டி முடியும்வரை புதிய மென்பொருள் எதையும் ஏற்ற வேண்டாம். போட்டிக்கு முந்தைய இரவு அப்டேட் போடுவதைப் போன்ற வீண் ஆபத்து வேறில்லை.

பெட்டியில் இருக்கும் எண் வாட்சுக்கு உரியதல்ல

ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங் சிகரத்தைச் சுற்றி, பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக நடக்கும் யுடிஎம்பி போட்டியை எடுத்துக்கொள்வோம். சுமார் 170 கி.மீ. தூரம், சுமார் 10,000 மீட்டர் ஏற்றம். 2023இல் முதலிடம் பிடித்த ஜிம் வாம்ஸ்லி இதை 19 மணி 37 நிமிடத்தில் முடித்தார். எல்லோருக்குமான நேர வரம்பு 46 மணி 30 நிமிடம்.

முதலில் வருபவருக்கு 20 மணி நேர பேட்டரி போதும். கடைசியில் வருபவருக்கு 47 மணி நேரம் வேண்டும். அவர் இரண்டு இரவுகளைக் கடக்கிறார், குளிரில் அதிக நேரம் இருக்கிறார், களைப்பில் வழி தவறும் ஆபத்தும் அவருக்கே அதிகம். வேகமாக ஓடுபவர்களுக்குத்தான் உயர்ரக வாட்ச் தேவை என்ற எண்ணம் தலைகீழானது.

இப்போது பெட்டியில் இருக்கும் எண்ணுக்கு வருவோம். 2022இல் வந்த கார்மின் ஃபோர்ரன்னர் 955க்கு நிறுவனம் சொல்லும் எண் 42 மணி நேரம். ஆனால் அது ஜிபிஎஸ் மட்டும் ஓடும்போது. ஜிபிஎஸ்ஸோடு பிற நாடுகளின் செயற்கைக்கோள் தொகுதிகளையும் சேர்த்து, இரட்டை அலைவரிசையில் (இரண்டு வகைச் சிக்னல்களைக் கேட்டு) பயன்படுத்தினால் அதே வாட்சுக்கு 20 மணி நேரம். கோரோஸ் வெர்டிக்ஸ் 2 சாதாரண ஜிபிஎஸ்ஸில் 140 மணி நேரம் என்கிறது. இரட்டை அலைவரிசையில் 50. சுன்டோ 9 வெளிவந்தபோதே 25, 50, 120 என்று மூன்று எண்களைச் சொன்னது. ஆக, பேட்டரி ஆயுள் என்பது வாட்ச் இயங்கும் முறைக்கு உரிய எண். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது அவற்றில் பெரியது.

ஏன் இவ்வளவு வேறுபாடு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள வாட்ச் பேட்டரியில் சுமார் 1,140 மில்லிவாட் மணி ஆற்றல் இருக்கும். வாட்ச் முழுவதும் சேர்ந்து சராசரியாக 25 மில்லிவாட் எடுத்தால் 45 மணி நேரம் வரும். 50 எடுத்தால் 23 மணி நேரம்கூட வராது. கருவிகளில் மினுக்கும் சிறு சிவப்பு எல்இடி விளக்கு ஒன்றே 40 மில்லிவாட் வரை எடுக்கும். அதைவிடக் குறைந்த ஆற்றலில் செயற்கைக்கோளையும் பிடித்து, துடிப்பையும் எண்ணி, வரைபடமும் காட்டும் ஒரு பொருளில், ஒரே ஒரு வசதியைக் கூடுதலாக இயக்கினாலும் மணிக்கணக்கில் குறையும்.

ஆற்றலைத் தின்பவை எவை என்றால்:

1. இரட்டை அலைவரிசை. வழக்கமான எல்1 சிக்னலோடு எல்5 சிக்னலையும் கேட்பது. பாறைச் சுவரில் பட்டு எதிரொலித்து வரும் போலிச் சிக்னலை எல்5 நன்றாகப் பிரித்துக்காட்டும், காரணம் அதன் குறியீட்டுத் துடிப்பு பத்து மடங்கு நுட்பமானது. குறுகிய பள்ளத்தாக்கில் இது வரம். திறந்த மலைமுகட்டில் வீண்செலவு. இடத்தைப் பார்த்துத் தானே மாற்றிக்கொள்ளும் முறை உங்கள் வாட்சில் இருந்தால் அதையே வையுங்கள்.

2. திரை. எம்ஐபி வகைத் திரை வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும். படத்தை நிறுத்திவைக்க ஆற்றல் மிகக் குறைவாகவே வேண்டும். இரவில் தலைவிளக்கின் வெளிச்சமே அதைப் படிக்கப் போதும் என்பதால் பின்விளக்கை அணைத்தே வைக்கலாம். அமோலெட் திரை தானே ஒளிரும். அதை எப்போதும் ஒளிரவிட்டால் இரண்டாம் இரவைப் பார்க்காது.

3. மணிக்கட்டுத் துடிப்பு உணரி. பச்சை விளக்குகள் தோலுக்குள் ஒளி பாய்ச்சிக்கொண்டே இருக்கும். நெஞ்சுப்பட்டை அணிந்தால் இதை அணைக்கலாம். ரத்த ஆக்சிஜன் அளவீட்டைப் போட்டியின்போது கட்டாயம் அணைத்துவிடுங்கள்.

4. போனைத் தேடுதல். போன் தொடர்பு விட்டுப்போய், வாட்ச் அதைத் தேடிக்கொண்டே இருப்பதும் செலவு. தேவையில்லை என்றால் ப்ளூடூத்தையே மூடிவிடலாம்.

சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் வாட்சுகளைப் பற்றி ஒரு சொல். கார்மின் தன் சோலார் எண்களை 50,000 லக்ஸ் வெளிச்சம் விழும் என்ற அனுமானத்தில் கணக்கிடுகிறது. காட்டுப்பாதையிலும் இரவிலும் மழைச்சட்டையின் கைக்குள்ளும் அந்த வெளிச்சம் கிடையாது. அதை உபரியாக நினைக்கலாமே தவிர, நம்பித் திட்டமிட முடியாது.

நிமிடத்துக்கு ஒரு புள்ளி: என்ன இழக்கிறோம்?

பேட்டரியை நீட்டிக்கப் பழைய வழி, ஜிபிஎஸ்ஸை இடைவெளி விட்டு இயக்குவது. வினாடிக்கு ஒருமுறை இடம் பார்க்காமல், ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது. கார்மினின் அல்ட்ராடிராக் இந்த வகை.

மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் போகும் ஒருவர் ஒரு நிமிடத்தில் 100 மீட்டர் கடக்கிறார். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 50 மீட்டருக்கு ஒன்றாக இருந்தால், அந்த ஒரு நிமிடத்தில் அவர் 50 மீட்டர் போய், திரும்பி 50 மீட்டர் வந்திருப்பார். தொடங்கிய இடத்துக்குச் சற்றே மேலே நிற்பார். வாட்ச் இரு புள்ளிகளையும் நேர்கோட்டில் இணைத்து, அவர் சில மீட்டர்தான் நகர்ந்தார் என்று எழுதும். 100 மீட்டர் உழைப்பு கணக்கில் வராது. மலை ஓட்டத்தின் பெரும்பகுதி இப்படிப்பட்ட வளைவுகள்தான் என்பதை நினைத்தால், மொத்தத் தூரம் எவ்வளவு சுருங்கும் என்று புரியும்.

இடைவெளியை வேறு உணரிகளால் நிரப்புவதும் உண்டு. சுன்டோ 9 வாட்சின் ஃப்யூஸ்டிராக், கை அசைவு, திசை மாற்றம் ஆகியவற்றைக் கொண்டு இரண்டு புள்ளிகளுக்கு நடுவே பாதையை ஊகிக்கிறது. நேர்கோட்டைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஊன்றுகோல் பிடித்து நடக்கும்போது கை அசைவின் ஒழுங்கே மாறிவிடும் என்பதை மறக்கக்கூடாது.

என் கருத்து இது: வழிகாட்டும் வரைபடத்தை நம்பி ஓடுபவர் இடைவெளி விட்டு இயங்கும் முறைக்குப் போகக்கூடாது. வழி பிரியும் இடத்தில், 100 மீட்டர் தாண்டியபின் "தவறான பாதை" என்று எச்சரிப்பதால் பயன் குறைவு. சாதாரண ஜிபிஎஸ், வினாடிக்கு ஒரு பதிவு, மற்றதெல்லாம் அணைப்பு, நடுவில் ஒருமுறை சார்ஜ். பெரும்பாலானோருக்கு இதுவே சரியான சமரசம்.

குளிர் செய்யும் மாயம்

லித்தியம் பேட்டரியின் உள்தடை குளிரில் கூடும். உள்ளே சார்ஜ் இருக்கும். ஆனால் கேட்ட வேகத்தில் தர முடியாமல் மின்னழுத்தம் சரியும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் வாட்ச் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். 15 சதவீதம் காட்டிய வாட்ச் கணவாய் உச்சியில் திடீரென்று அணைந்து, கூடாரத்துக்குள் வந்து சூடேறியதும் எழுந்துகொள்வது இதனால்தான். கார்துங் லா கணவாயைக் கடக்கும் லடாக்கின் 72 கி.மீ. ஓட்டம் போன்றவற்றிலும் இதையே எதிர்பார்க்க வேண்டும். சட்டைக் கைக்கு மேலே கட்டாமல் தோலோடு ஒட்டிக் கட்டினால் உடல் சூடே காக்கும். இரண்டு மூன்று ஆண்டு பழகிய பேட்டரி புதிதில் இருந்த கொள்ளளவில் கணிசமான பங்கை இழந்திருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓடிக்கொண்டே சார்ஜ் போடுவது

யுடிஎம்பியில் ஓட்டக்காரர்கள் முன்கூட்டியே ஒப்படைத்த மாற்றுப் பை, ஏறக்குறைய பாதித் தூரத்தில், இத்தாலியின் கூர்மயேர் ஊரில் கிடைக்கும். பலர் பவர் பேங்கை அதில் வைக்கிறார்கள். உட்கார்ந்து உண்ணும் அரைமணி நேரத்தில் வாட்ச் நன்றாகவே ஏறும். ஆனால் மூன்று இடங்களில் ஏமாறுவார்கள்.

முதலாவது, பவர் பேங்கே அணைந்துபோவது. வாட்ச் எடுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது. போனுக்காகச் செய்யப்பட்ட பல பவர் பேங்குகள், எதுவுமே செருகப்படவில்லை என்று நினைத்துச் சில நிமிடங்களில் நின்றுவிடும். குறைந்த மின்னோட்ட முறை உள்ளதை வாங்க வேண்டும், அல்லது போனையும் கூடவே செருக வேண்டும். இரண்டாவது, சார்ஜ் முனை இருக்கும் இடம். ஆப்பிள் வாட்சைப்போல் பின்புறம் ஒட்டிச் சார்ஜ் ஆகும் வகையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மூன்றாவது, ஈரம். வியர்வையும் மழையும் படிந்த முனைகளில் சார்ஜ் ஏறாது, துடைத்துவிட்டுச் செருகுங்கள்.

சார்ஜ் ஏறும்போது பதிவு தொடர்கிறதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். வீட்டிலேயே ஒரு நீண்ட பயிற்சியின்போது செருகிப் பார்த்துவிட வேண்டும்.

புள்ளி நின்றால் ஆள் நின்றதாகப் பொருளில்லை

நேரலைக் கண்காணிப்பில் வாட்ச் நேராக வீட்டாருக்குப் பேசுவதில்லை, சிம் உள்ள சில மாடல்களைத் தவிர. வாட்ச் ப்ளூடூத்தில் போனுக்குச் சொல்கிறது. போன் மொபைல் டேட்டாவில் அனுப்புகிறது. இரண்டு கண்ணியில் எது அறுந்தாலும் புள்ளி நிற்கும்.

ப்ளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் உறிஞ்சும். மனித உடலோ பெரும்பகுதி நீர். வாட்ச் இடக்கையிலும் போன் முதுகுப்பையின் வலப்புறமும் இருந்தால் நடுவில் நிற்பது நம் உடம்புதான். போனை வாட்ச் இருக்கும் பக்கமே, முன்பையில் வைப்பது நல்லது.

டேட்டா கண்ணிக்கு யுடிஎம்பியே நல்ல உதாரணம். பாதை 2,537 மீட்டர் உயரமுள்ள கிராண்ட் கோல் ஃபெரே கணவாயில் இத்தாலியிலிருந்து சுவிட்சர்லாந்துக்குள் நுழைகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்கும் ரோமிங் விதி சுவிட்சர்லாந்துக்குப் பொருந்தாது. பல சிம்களில் அந்த எல்லையோடு டேட்டா நின்றுவிடும். ஊரில் இருப்பவர் பார்ப்பது, நள்ளிரவில் ஒரு கணவாய் உச்சியில் மணிக்கணக்கில் உறைந்து நிற்கும் புள்ளி. எவ்வளவு பதற்றம்! ஓட்டக்காரரோ சுவிஸ் பக்கம் நன்றாக இறங்கிக்கொண்டிருப்பார்.

கிளம்பும் முன்பே வீட்டாரிடம் இதைச் சொல்லிவைக்க வேண்டும். நம்ப வேண்டியது அமைப்பாளர்களின் சோதனைச் சாவடிப் பதிவு. ஓட்டக்காரருக்குத் தந்த சிப்பைச் சாவடியில் படித்துப் பதிவது அது. நம் வாட்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. முடித்த நேரமும் அதன்படியே.

சிக்னல் இல்லாத மலையில் போன் டவரைத் தேடித் தேடித் தன் சார்ஜை வேகமாகக் கரைக்கும். யுடிஎம்பியில் போன் கட்டாயப் பாதுகாப்புச் சாதனம். கால் முறிந்து கிடக்கும்போது உதவி கேட்க அதுதான் இருக்கிறது. நேரலைப் புள்ளிக்காக அதன் பேட்டரியைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முடித்தபின் பதிவு போனுக்கு வராவிட்டால்

46 மணி 30 நிமிடம் என்றால் 1,67,400 வினாடி. வினாடிக்கு ஒரு பதிவு, பதிவுக்கு 30 பைட் என்று வைத்தால் கோப்பு ஐந்து மெகாபைட். போனில் ஒரு புகைப்படத்தின் அளவுதான். ஆனால் குறைந்த ஆற்றல் ப்ளூடூத் வினாடிக்கு 10 கிலோபைட் அனுப்பினால் எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் போன் திரை அணைந்து, பின்னணியில் ஓடும் செயலியை இயங்குதளம் மூடிவிட்டால் சிங்க் பாதியில் அறுந்துவிடும். தினமும் ஒரு மணி நேர ஓட்டத்தைச் சிரமமின்றி அனுப்பும் வாட்ச் அல்ட்ராவில் மட்டும் தடுமாறுவது இதனால்தான்.

பல நிறுவனங்களின் வாட்சுகளில் இந்தப் பதிவு ஃபிட் என்ற வகைக் கோப்பாக இருக்கும். ஓடும்போது புள்ளிகள் வரிசையாக எழுதப்படும். சேமி பொத்தானை அழுத்தியதும்தான் மொத்தத் தூரம், நேரம், சரிபார்ப்பு எண் ஆகியவை கடைசியில் சேரும். பேட்டரி தீரும் தறுவாயில் பெரும்பாலான வாட்சுகள் தாமாகவே சேமித்துவிட்டு அணையும். அப்படிச் சேமிக்காமல் அணைந்தால் வால் இல்லாத கோப்பு மிஞ்சும். செயலி அதை ஏற்காது. ஆனால் உள்ளே புள்ளிகள் அத்தனையும் இருக்கும்.

எனவே இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. வாட்சிலேயே வரலாற்றைத் திறந்து, ஓட்டம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பதறத் தேவையில்லை.
2. வாட்சை முதலில் சார்ஜ் போடுங்கள். குறைந்த பேட்டரியில் சில வாட்சுகள் சிங்க் செய்யாது.
3. போனின் பேட்டரி சிக்கன முறையை அணைத்து, செயலியைத் திறந்து, திரை அணையாமல் வைத்து, வாட்சைப் பக்கத்திலேயே வைத்து மறுபடி முயலுங்கள். வைஃபை உள்ள வாட்ச் என்றால் அதன் வழியே அனுப்புவது வேகம்.
4. வரவில்லை என்றால், யுஎஸ்பி வழியே கோப்பைத் தரும் வாட்சாக இருந்தால் கேபிளில் கணினியோடு இணைத்து, ஃபிட் கோப்பை ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். நேராக ஸ்ட்ராவாவில் ஏற்றலாம். 25 மெகாபைட் வரை அது ஏற்கும்.
5. கோப்பு பழுது என்று சொன்னால், பிரதியை மட்டும் பழுதுநீக்கும் கருவியில் கொடுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள்.
6. இணைப்பை நீக்கி மறுபடி சேர்ப்பதும், வாட்சைத் தொழிற்சாலை நிலைக்கு (ஃபேக்டரி ரீசெட்) மாற்றுவதும் பிரதி கையில் வந்த பிறகு மட்டுமே. நீல முக்கோணச் சிக்கலின்போதும் முதலில் சொல்லப்பட்ட வழி, வாட்சை முழுதாக அணைத்து எழுப்பி, சிங்க் செய்து, புதிய கோப்பை வாங்குவதுதான். தொழிற்சாலை நிலைக்கு மாற்றினால் வாட்சில் இருந்து இன்னும் அனுப்பப்படாத பதிவுகள் அழிந்துவிடும். அந்த 1,67,400 வினாடிகளுக்கு வேறெங்கும் நகல் கிடையாது.